லெந்து நோம்பு: எதை விடுவது, எவ்வளவு விடுவது, யார் இருக்கக் கூடாது

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்து, மார்த்தாண்டம் பக்கம் சுறியானி (சிரியாக்) முறையில் வழிபடும் ஒரு மலங்கரை கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாக வந்திருக்கிறீர்கள். பிறந்த வீட்டில் லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம் வரை பட்டினி இருப்பார்கள், அதோடு சரி. இங்கே மாமியார் ஐம்பது நாளும் மீன், இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. கணவரின் நண்பர் தன் சபையில் 21 நாள் வெறும் தண்ணீரில் ‘தானியேல் உபவாசம்’ இருக்கப் போகிறார், கணவரையும் கூப்பிடுகிறார். மாமனாருக்குச் சர்க்கரை. உங்களுக்கோ கைக்குழந்தை, தாய்ப்பால் கொடுக்கிறீர்கள். இதில் எது சரியான நோம்பு, வீட்டில் யார் எதை இருக்கலாம் என்பது கேள்வி.

நேரடிப் பதில் இதுதான். நீங்கள் இந்த ஆண்டு ஒரு வேளை கூட விட வேண்டாம். விரும்பினால் இறைச்சியையும் மீனையும் விடுங்கள், பாலையும் முட்டையையும் விடாதீர்கள். மாமனார் மருத்துவரைப் பார்க்காமல் எந்த வேளையையும் தள்ளக் கூடாது. கணவர் 21 நாள் தண்ணீர் உபவாசத்துக்குப் போக வேண்டாம்; வாரத்தில் இரண்டு நாள் ஒரு வேளையை விடட்டும். மாமியார் இருக்கும் நோம்பு நல்ல நோம்பு, ஆனால் அதிலும் திருத்த வேண்டியது ஒன்று உண்டு. நால்வருக்கும் பொதுவான விதி ஒன்றே: விட்ட சோறும் விட்ட நேரமும் எங்கே போயின என்று ராத்திரி கேட்டால் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் அன்றைக்கு நடந்தது பட்டினி மட்டும்.

உங்கள் வீட்டுக் குழப்பத்தில் பாதி நாள்கணக்கில் இருப்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். லத்தீன் கத்தோலிக்கரும் சிஎஸ்ஐயும் சாம்பல் புதனில் தொடங்குகிறார்கள். அன்றிலிருந்து பெரிய சனி வரை 46 நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு உயிர்ப்பின் நாள் என்பதால் அது நோன்பில் சேராது. மலங்கரை முறையிலும் சீரோ மலபார் முறையிலும் அதற்கு இரண்டு நாள் முன்பே, திங்கட்கிழமை நோம்பு பிறந்துவிடும். முந்தின ஞாயிறையும் ஈஸ்டரையும் சேர்த்து எண்ணினால் 50. அதனால்தான் ஐம்பது நோம்பு. அந்தத் திங்களிலிருந்து எண்ணினால் ஆறாவது வாரத்து வெள்ளி நாற்பதாம் நாள், அதுதான் நாற்பதாம் வெள்ளி. கர்த்தருடைய நாற்பது நாள் அதோடு நிறைவுபெறும். பிறகு லாசருவின் சனி (கொழுக்கட்டை அவிக்கும் நாள்), குருத்தோலை ஞாயிறு, பாடுகளின் வாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டினி கிடையாது, கும்பிடீல் (தரையில் விழுந்து வணங்கி எழுவது) கிடையாது. மீனும் இறைச்சியும் மட்டும் அன்றைக்கும் விலக்கு. உங்கள் பிறந்த வீட்டில் ஞாயிறு நோன்பில்லை, மாமியார் ஞாயிறும் மீன் வாங்குவதில்லை என்றால் இரண்டும் அவரவர் முறைப்படி சரி. யாரும் யாரையும் திருத்த வேண்டியதில்லை.

அளவிலும் வேறுபாடு உண்டு. லத்தீன் சட்டம் மிகக் குறைந்தபட்சத்தைச் சொல்கிறது: சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாளும் ஒருசந்தி. ஒரு வேளை முழுச் சாப்பாடு, காலையிலும் மாலையிலும் கொஞ்சம் ஏதாவது. இது 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60-ம் ஆண்டு தொடங்கும் வரை. இறைச்சி விலக்கும் சுத்தபோசனம் 14 வயதிலிருந்து. மீனுக்குத் தடை இல்லை. குளச்சல், முட்டம் கடற்கரைப் பங்குகளில் பெரிய வெள்ளியன்றும் கஞ்சிக்கு மீன் தொட்டுக்கொள்வதில் சட்டப்படி குற்றம் ஏதுமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டுவிட்டு நெய்மீனைப் பொரித்து வைப்பது சட்டத்தைக் காப்பாற்றும், நோன்பைக் காப்பாற்றாது.

சிஎஸ்ஐயில் இப்படி ஒரு சட்டமே இல்லை. சீர்திருத்த காலத்திலேயே இந்த விவாதம் வந்தது. 1522-ல் சூரிக் நகரத்தில் லெந்து நாளில் சிலர் இறைச்சி சாப்பிட்டார்கள். அதைக் கண்டித்தபோது, உணவு விதியைக் கொண்டு மனசாட்சியைக் கட்டக் கூடாது என்று அந்நகரத்துச் சீர்திருத்தவாதி ஸ்விங்க்லி பிரசங்கித்தார். அந்தச் சீர்திருத்த மரபில் வந்த மிஷன்களில் ஒன்றுதான் லண்டன் மிஷன். 1806-ல் அதன் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது முதல் தென் திருவிதாங்கூரில் அது வேரூன்றியது. அதன் வழிவந்த சிஎஸ்ஐ சபைகளில் உபவாசம் அவரவர் கர்த்தருக்கு முன்பாகத் தீர்மானிக்க வேண்டியது. இந்தச் சுதந்திரம் நல்லது. ஆனால் யாரும் கேட்கப் போவதில்லை என்பதால் பலர் ஒன்றுமே செய்யாமல் லெந்தைக் கடந்துவிடுவதும் நடக்கிறது. ‘நீங்கள் உபவாசிக்கும்போது’ என்றுதான் மத்தேயு 6-ல் கர்த்தர் தொடங்குகிறார். உபவாசிப்பார்கள் என்பதை அவர் முன்பே எடுத்துக்கொண்டார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்தவர், அவரும் சீர்திருத்த மரபுதான். புதன், வெள்ளி என்ற வழக்கமோ அப்போஸ்தலருடைய தலைமுறைக்கு அடுத்த காலத்திலேயே ‘திதகே’ என்ற சபை ஒழுங்கில் எழுதப்பட்டிருக்கிறது. அதனால் உங்கள் கணவருக்கு வாரம் இரண்டு நாள் என்று சொன்னேன். மலங்கரை, சிஎஸ்ஐ இரண்டு பக்கத்திலும் அந்த நாட்களுக்கு வேர் இருக்கிறது.

இப்போது அந்த 21 நாள். தானியேல் 10-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மூன்று வாரம் அவர் ருசியான அப்பம் சாப்பிடவில்லை, இறைச்சியும் திராட்சரசமும் வாயில் வைக்கவில்லை, எண்ணெய் பூசிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. முதல் அதிகாரத்தில் பத்து நாள் பருப்பும் காய்கறியும் தண்ணீரும். இரண்டிலும் அவர் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். தானியேலின் பெயரில் 21 நாள் வெறும் தண்ணீர் என்பதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. உங்கள் மாமியாருடைய நோம்புதான் தானியேல் உபவாசத்துக்கு அருகில் இருக்கிறது. எஸ்தர் மூன்று நாள் இரவும் பகலும் தண்ணீரும் இல்லாமல் இருந்தது ஒரு ஜாதி முழுவதும் அழியப்போகிற நாளில். மோசே நாற்பது நாள் அப்பமும் தண்ணீரும் இல்லாமல் இருந்தது கர்த்தருடைய சந்நிதியில் நடந்த அற்புதம். இவற்றை அட்டவணை போட்டுப் பின்பற்றச் சொல்லி எங்கும் கட்டளை இல்லை.

நீண்ட தண்ணீர் உபவாசத்தில் ஆபத்து இருப்பது பட்டினியில் மட்டுமல்ல, முடிக்கும் நாளிலும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடும். பிறகு உடம்பு கொழுப்பையும், கூடவே தசையையும் எரிக்கத் தொடங்கும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவர் திடீரென்று வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால் இன்சுலின் பாய்ந்து வரும். ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஒரேயடியாக உயிரணுக்களுக்குள் இழுக்கப்படும். இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகள் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்ததைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். கணவரின் நண்பர் ஏற்கெனவே தொடங்கிவிட்டார் என்றால் பிரியாணியோடு முடிக்க வேண்டாம், மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிக்கட்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள். வாலிபர்கள் சபையில் ஒருவரையொருவர் பார்த்து நாளைக் கூட்டிக்கொண்டே போவதைத் தடுக்க வேண்டியது போதகரின் கடமை என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கணவருக்கான முறையை விரிவாகச் சொல்கிறேன். உடல்நலமுள்ள, வேலைக்குப் போகிற யாருக்கும் இதுவே பொருந்தும்.

நோம்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே சாயாவைக் குறைக்க வேண்டும். நாளுக்கு நான்கு குடிப்பவர் மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கட்டும். முதல் நாள் உபவாசத்தில் பிற்பகலில் மண்டையைப் பிளக்கும் தலைவலி பெரும்பாலும் பசியால் வருவதில்லை, சாயா நின்றதால் வருவது. கடைசிச் சாயாவுக்கு 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஒன்று இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒரு வாரம்கூட நீடிக்கும். இதைத் தெரியாதவர்கள் ‘எனக்கு உபவாசம் ஒத்துக்கொள்ளாது’ என்று முதல் நாளிலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள்.

முந்தின ராத்திரி வழக்கமான அளவே சாப்பிட வேண்டும். நாளைக்கு இல்லையே என்று இரண்டு மடங்கு சாப்பிட வேண்டாம். புழுங்கலரிசிக் கஞ்சி, சிறுபயறு, ஒரு துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்) போதும். பயறு மெதுவாகச் செரிக்கும். எண்ணெய்ப் பலகாரமும் உப்பு கூடிய கருவாடும் வேண்டாம், மறுநாள் தாகம் தாங்காது.

முதல் இரண்டு வாரம் காலை உணவை மட்டும் விடட்டும். மத்தியானம் 12 மணிக்கு ஜெபித்துவிட்டு முடிக்கலாம். அது பழகினால் மூன்றாம் வாரத்திலிருந்து காலையையும் மத்தியானத்தையும் விட்டு, மூன்று மணிக்கு, கர்த்தர் ஜீவனை விட்ட வேளையில் முடிக்கலாம். மாலை வரை என்பது பெரிய வெள்ளிக்கு இருக்கட்டும். வேலை கடினமென்றால் மத்தியானத்தோடு நிறுத்திக்கொள்வதில் குறையொன்றும் இல்லை. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் மலையேறி இறங்குபவர்கள். இலை உதிர்ந்து வெட்டு நிற்கிற வாரங்களில் நோம்பு இருப்பது அவர்களுக்கு எளிது. வெட்டு நடக்கும் நாளில் காலை உணவை விடுவதைவிட ராத்திரிச் சாப்பாட்டைக் கஞ்சியாகச் சுருக்குவது நல்லது.

தண்ணீரை விடவே கூடாது. லெந்து விழுவது பெரும்பாலும் பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை. நம் பக்கத்துப் புழுக்கத்தில் வியர்வையிலேயே உப்பும் நீரும் போய்விடும். நாளுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர், இடைவெளி விட்டுக் குடிக்க வேண்டும், அதில் ஒரு தம்ளரில் கொஞ்சம் உப்பும் எலுமிச்சையும் சேர்க்கலாம். சிறுநீர் அடர் மஞ்சளானாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ தண்ணீர் போதவில்லை என்று பொருள். மலங்கரை முறையில் நண்பகல் ஜெபத்தில் நாற்பது கும்பிடீல் உண்டு. வெறும் வயிற்றில் வேகவேகமாக விழுந்து எழுந்தால் தலைசுற்றும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு நிதானிக்க வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் தலை தாழ்த்தினால் போதும்.

விட்ட வேளையின் நேரத்தை என்ன செய்வது? ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போகும். அந்த அரை மணியைப் போனுக்குக் கொடுத்துவிட்டால் உபவாசம் பாதி அங்கேயே போயிற்று. அந்த நேரத்துக்கு முன்பே ஒரு வேலை வைத்திருக்க வேண்டும்: ஒரு சங்கீதம் மெதுவாக, பிறகு பெயர் சொல்லி மூன்று பேருக்காக ஜெபம், பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருத்தல். நீளமாக ஜெபிக்கத் தெரியாதவர்கள் 51-ம் சங்கீதத்தைத் தினமும் வாசிக்கலாம். பசி எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி ஜெபம். பசியே மணி அடிக்கிற வேலையைச் செய்யும்.

இனி மாமியாருடைய நோம்பில் திருத்த வேண்டியது. ஐம்பது நாள் மீன், இறைச்சி, முட்டை, பால் விடுவது உடல்நலமுள்ள பெரியவருக்கு ஒரு கெடுதலும் செய்யாது, பயறும் கடலையும் தினமும் தட்டில் இருந்தால். தவறு நடப்பது அடுக்களையில். நோம்பு இருப்பவருக்கு ஒரு கறி, இல்லாதவருக்கு மீன்கறி, குழந்தைகளுக்கு வேறொன்று என்று அந்த ஐம்பது நாளில் அடுக்களை வேலை இரட்டிக்கிறது. அதைச் செய்வது பெரும்பாலும் நோம்பு இருக்கும் பெண்ணேதான். அவருக்கு ஜெபிக்க அரை மணி எங்கே மிச்சம்? ஏசாயா 58-ல் கர்த்தர் கோபிப்பது இதை நோக்கித்தான்: உபவாச நாளில் உங்கள் காரியத்தைப் பார்த்துக்கொண்டு, வேலை செய்கிறவர்களைக் கசக்குகிறீர்கள் என்கிறார். ஆகவே புதனும் வெள்ளியும் வீடு முழுக்க ஒரே சமையல்: கஞ்சி, பயறு, தேங்காய்ச் சம்மந்தி, இருந்தால் சக்கைத் துவரன். பாத்திரம் கழுவுவது ஆண்கள். சின்னக் காரியம் மாதிரி தெரியும், வீட்டில் நோம்பு நிலைப்பதற்கும் கசந்துபோவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும்.

மீனுக்குப் பதிலாகக் காளான் வறுவல், கோபி 65, நெய்யில் முந்திரி, அடைப்பிரதமன் என்று போவதும் நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. செலவு கூடினால் அது நோம்பில்லை. எளிய கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் மீனுக்கு நாளுக்கு 200 ரூபாய், வாரம் நான்கு நாள் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 800. ஏழு வாரத்தில் 5,600. பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி. நோம்பு இருக்க முடிந்த இருவர் வாரம் இரண்டு வேளை விட்டால் 600 கிராம், ஏழு வாரத்தில் 4 கிலோவுக்கு மேல். இது உங்கள் கையில் மிச்சமாக நிற்கக் கூடாது. 2-ம் நூற்றாண்டில் ரோமில் எழுதப்பட்ட ‘எர்மாவின் மேய்ப்பன்’ இதைத் தெளிவாகச் சொல்கிறது: அன்றைக்குச் சாப்பிட்டிருக்க வேண்டியதன் விலையைக் கணக்கிட்டு, விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு. உபவாசத்தைப் பற்றி இவ்வளவு பயனுள்ள ஒரு வரி வேறு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகமே.

கொடுப்பதிலும் முறை இருக்கிறது. மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும். மீன் வாங்காத அன்றே 200 ரூபாயை ஒரு டப்பாவில் போட வேண்டும். சோறு வடிக்காத வேளைக்கு அரிசியை அளந்து தனிப் பாத்திரத்தில் கொட்ட வேண்டும். பிடி அரிசி எடுத்து வைக்கும் பழக்கம் நம் பக்கத்துச் சபைகளுக்குப் புதிதல்ல. வாரத்துக்கு ஒருமுறை கொண்டுபோய்ச் சேருங்கள், உயிர்ப்புப் பெருநாள் வரை சேர்த்து வைத்துப் பெரிய தொகையாகக் கொடுக்க வேண்டாம். பசிக்கிறவருக்கு இந்த வாரமும் பசிக்கிறது. யாருக்குக் கொடுத்தோம் என்பது வீட்டுக்கு வெளியே தெரியத் தேவையில்லை.

மாமனார் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. மீனை விடுவது சர்க்கரைக்காரருக்கு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். மீன் போய், அந்த இடத்தில் மரச்சீனிக் கிழங்கும் ஏத்தன் பழமும் கூடுதல் கஞ்சியும் வந்தால் சர்க்கரை ஏறும். அவர் மீனை விட்டால் அதே அளவுக்குச் சிறுபயறு, கொண்டைக்கடலை, சோயா போன்றவை வர வேண்டும். சோறு கூடக் கூடாது. வேளையை விடுவது வேறு பிரச்சினை. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை ஆபத்தாகக் குறையும். டபாகிளிபுளோசின் வகை மாத்திரைக்காரர்கள் பட்டினி இருந்தால் ரத்தத்தில் கீட்டோன் கூடி அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு ஆபத்து குறைவு. எதுவானாலும் மாத்திரையைத் தாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. நோம்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம். மீட்டரில் 70-க்குக் கீழே வந்தால் அந்த நிமிடமே உபவாசம் முடிந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். குறைவாகவே இருந்தால் திரும்பவும் கொடுங்கள், தேறியதும் கஞ்சி. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. 300-க்கு மேலே போனாலும் உபவாசத்தை நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, ஞாயிறு காலையில் நடப்பது. குர்பானைக்கு (திருப்பலிக்கு) வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று, சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையை வீட்டில் போட்டுவிட்டுக் கோவிலுக்குப் புறப்படும் பெரியவர்கள் உண்டு. நீண்ட வழிபாட்டின் நடுவில் சரிந்து விழுவது இதனால்தான். லத்தீன் முறையில் நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் மட்டுமே உபவாசம். தண்ணீரும் மருந்தும் அதை முறிக்காது. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்த ஒரு மணியும் இல்லை. மலங்கரை வழக்கம் கடுமையானது, ஆனால் நோயாளி சாப்பிட்டுவிட்டு வரலாமா என்று அச்சனிடம் (பங்குக் குருவிடம்) ஒரு வார்த்தை கேட்டால் அனுமதி கிடைக்கும். கேட்கத் தயங்கித்தான் பலர் விழுகிறார்கள்.

மாமனார் எதை விடலாம்? நான்காம் நூற்றாண்டில் பாரசீகத்தில் வாழ்ந்த சுறியானித் தந்தை அப்ரகாத், நோன்பின் வகைகளை எண்ணும்போது அப்பத்தையும் இறைச்சியையும் விடுவதோடு கோபத்தை விடுவது, உடைமையை விடுவது, தூக்கத்தைக் குறைத்து விழித்திருப்பது ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்கிறார். சுறியானி மரபிலிருந்தே வந்த வழி என்பதால் மாமனாருக்கு இது இரண்டாந்தர நோம்பாகத் தோன்றாது. ராத்திரி டிவி பார்க்கும் ஒரு மணி நேரம் அவருடைய நோம்பாகலாம். டப்பாவுக்குப் பொறுப்பாளராகவும் அவரே இருக்கலாம். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், வலிப்பு மருந்து, கர்ப்பம், முன்பு சாப்பாட்டை வெறுத்து உடல் மெலிந்த வரலாறு, இவை உள்ளவர்களும் வேளையை விடும் நோம்புக்கு வரக் கூடாது.

உங்களுக்கு ஏன் வேண்டாம் என்றால், பால் கொடுக்கும் தாய்க்கு நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகவே தேவை. வேளையை விட்டால் களைப்பும் தலைசுற்றலும் வரும், தண்ணீர் குறைந்தால் பாலும் குறையலாம். மீனை விட்டால் முட்டையும் பாலும் முருங்கைக்கீரையும் கேழ்வரகும் கட்டாயம். எந்தச் சபையும் பால் கொடுக்கும் தாயைக் கட்டுப்படுத்துவதில்லை. மாமியார் மனம் வருந்துவார் என்று பயந்து ஒளித்துச் சாப்பிட வேண்டாம். கணவரைப் பேசச் சொல்லுங்கள், தேவையானால் அச்சனே சொல்லட்டும். தம்பதிகளுக்கு இடையிலான விலகலும் நோம்பில் சேரும், ஆனால் 1 கொரிந்தியர் 7-ன்படி அது இருவர் சம்மதத்தோடு, குறித்த காலத்துக்கு மட்டும். கணவர் ஒருவராகத் தீர்மானிக்க உரிமை இல்லை.

நடுவில் என்ன சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிற்பகலில் எரிச்சல் வரும். சர்க்கரை இறங்கியிருக்கும், சாயா இல்லை. அந்த நேரத்தில் வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் மார்க் போன்ற பேச்சை எடுக்க வேண்டாம். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் தவறும், கல்யாண வீட்டிலோ பயணத்திலோ. மறுநாள் அதற்கு ஈடாக இரண்டு மடங்கு பட்டினி கிடக்கக் கூடாது. மறுநாள் அந்த நாளுக்குரியதை மட்டும் செய்தால் போதும். விருந்தாளியாகப் போன இடத்தில் மீன் வைத்துவிட்டால் கேள்வி கேட்காமல் கொஞ்சம் சாப்பிடலாம் என்பது என் கருத்து. இதில் கண்டிப்பான மலங்கரைக்காரர்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். வாய் நாற்றம், மலச்சிக்கல் இரண்டும் பெரும்பாலும் தண்ணீரும் காய்கறியும் குறைந்ததால் வருபவை.

முடிக்கும் முறை: அன்றாட உபவாசத்தை ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு மட்டிப்பழம், பத்து நிமிடம் கழித்துக் கஞ்சி என்று முடிக்க வேண்டும். முதல் வாய்க்கே சாயா போனால் வயிறு எரியும். பெரிய வெள்ளியன்று கசப்பு நீர் குடித்தபின் கோவிலில் கஞ்சியும் பயறும் கொடுப்பார்கள், அது உபவாசம் முடிக்க மிகப் பொருத்தமான சாப்பாடு. ஐம்பது நாள் பாலும் இறைச்சியும் தொடாத மாமியார் உயிர்ப்பு ஞாயிறு காலையிலேயே மாட்டிறைச்சியும் பொரித்த கோழியுமாக உட்கார்ந்தால் மாலைக்குள் வயிறு கெடும். முதல் நாள் அப்பமும் முட்டையும், கொஞ்சம் மீன், இறைச்சி மறுநாள்.

நீங்கள் நோம்பு தொடங்க அடுத்த ஆண்டு, குழந்தை சோறு சாப்பிடத் தொடங்கிய பிறகு, மூன்று நோம்பு நல்ல இடம். நினிவே மக்களை நினைத்து இருக்கும் அந்த மூன்று நாளும், ஐம்பது நோம்பு பிறக்கும் திங்களுக்குச் சரியாக மூன்று வாரம் முந்தின திங்களில் தொடங்கும். மூன்று நாளும் மத்தியானம் வரை மட்டும் இருந்து பாருங்கள். உடம்பு தாங்குகிறதா, பால் குறைகிறதா, எந்த நேரத்தில் எரிச்சல் வருகிறது என்று குறித்துக்கொண்டால், பெரிய நோம்புக்கு உங்கள் அளவை நீங்களே தீர்மானிக்க நடுவில் போதுமான நாள் இருக்கும்.